நறுநெய் முதல் நார்ப்பலகை வரை: கொத்தமல்லி எண்ணெயின் தொழில் வரலாறும் செம்பனையும்

பயிர்களின் வரலாற்றை எழுதுவோர் கொத்தமல்லியை உணவு, மருந்து என்னும் இரு தலைப்புகளின்கீழ் அடக்கிவிடுவது வழக்கம். தமிழ்ப் பாடநூல்களிலும் அது குழம்பின் மணமாகவும் சுக்குமல்லிக் காபியின் மருந்துச் சரக்காகவும் மட்டுமே இடம்பெறுகின்றது. ஆயின் கடந்த ஏறத்தாழ நூற்று ஐம்பது ஆண்டுகளில் அது ஆலைக்குரிய மூலப்பொருளாகவும் இருந்து வந்துள்ளது. அதன் கனியிலிருந்து சோப்புக்கும் நறுமணப் பொருளுக்கும் எண்ணெய் எடுத்துள்ளனர். அவ்வெண்ணெயிலிருந்து நைலானுக்குரிய மூலப்பொருளைப் பெற முயன்றுள்ளனர். அண்மையில் அதன் பிண்ணாக்கையும் காய்ந்த தண்டையும் சேர்த்து நார்ப்பலகை செய்துள்ளனர். இவ்வரலாற்றின் ஒவ்வொரு கட்டத்திலும் கொத்தமல்லியின் நிலையை முடிவு செய்தது அதற்குப் போட்டியாக நின்ற வேறொரு மூலப்பொருளின் விலையே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். அப்போட்டிப் பொருள்களுள் ஒன்று செம்பனை. ஆதலின் ஐரோப்பாவில் நிகழ்ந்ததாகத் தோன்றும் இவ்வரலாறு மலேசியத் தமிழரின் தோட்டப்புற வரலாற்றோடும் தொடர்புடையது.

பெயரும் பழைமையும்

கொத்தமல்லி 'விதை' என நாம் வழங்குவது தாவரவியல் நோக்கில் கனியாகும். இரு பிளவுகள் ஒட்டிய உருண்டைக் கனி அது. பிளவுகளுக்கு இடைப்பட்ட குழாய்களில் நறுமண எண்ணெயும், உள்ளிருக்கும் முளைசூழ்தசையில் கொழுப்பு எண்ணெயும் தங்கியுள்ளன. இவ்விரண்டும் வெவ்வேறானவை. முன்னது நீராவியில் ஆவியாகி வெளியேறும். பின்னது செக்கிலோ கரைப்பானிலோ பிரிவது. கொத்தமல்லியைப் பற்றிய எழுத்துகள் பலவற்றில் இவ்விரண்டும் ஒன்றாகக் குழப்பப்படுவதால் இவ்வேறுபாட்டை முதலிலேயே சுட்ட வேண்டியுள்ளது.

கொத்தமல்லியின் பெயரைத் தாங்கிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் கிரேக்க நிலத்து மைசீனியக் களிமண் ஏடுகள் குறிப்பிடத்தக்கவை. அவற்றில் இப்பயிர் 'கொ-ரி-யா-த-ந' என்றாற்போன்ற வடிவில் பொறிக்கப்பட்டுள்ளது. கி.மு. 1200ஐ ஒட்டிய காலத்துப் பைலோசு அரண்மனை ஏடொன்று, நறுநெய் காய்ச்சும் தொழிலாளி ஒருவனுக்கு அளந்து கொடுக்கப்பட்ட பொருள்களைப் பட்டியலிடுகின்றது. அதில் கோரைக்கிழங்கு, தேன், மது ஆகியவற்றோடு கொத்தமல்லியும் பேரளவில் இடம்பெற்றுள்ளது. இங்கே கொத்தமல்லி சமையலறைக்குச் செல்லவில்லை. அரண்மனையின் ஏற்றுமதித் தொழில் ஒன்றுக்குச் சென்றது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. எகிப்தில் தூத்தன்காமுன் கல்லறையிலும் இதன் கனிகள் கிடைத்துள்ளன.

நம் பகுதியில் தமிழ்க் 'கொத்துமல்லி', 'கொத்தம்பாலி', கன்னடக் 'கொத்தம்பரி', மலாய்க் 'கெத்தும்பார்' ஆகிய சொற்கள் வடமொழிக் 'குஸ்தும்புரு'வோடு உறவுடையன. அவ்வடமொழிச் சொல் பாணினியின் இலக்கண நூலிலேயே ஆளப்பட்டுள்ளது. எம்மொழியிலிருந்து எம்மொழிக்குச் சொல் சென்றது என்னும் ஆய்வு மொழியியலார்க்குரியது. மலாய் மொழியில் இச்சொல் வேரூன்றியிருப்பது, கடல் வணிகத்தின் வழி இச்சரக்கு நெடுங்காலமாக இங்கு வந்துகொண்டிருந்தது என்பதற்குப் போதிய சான்றாகும்.

உருசியச் சமவெளியில்

கொத்தமல்லி ஆலைப் பயிராக உருப்பெற்ற இடம் இந்தியா அன்று, உருசியா. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வொரோனேஷ் மாகாணத்தில் இதன் பயிரீடு தொடங்கியது. அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் நீராவி வடிப்பு ஆலைகள் எழுந்தன. அக்காலத்தில் அம்மாகாணத்தைச் சேர்ந்திருந்த அலெக்சேயெவ்கா என்னும் ஊர் இவ்வகையில் தனிக்கவனத்திற்குரியது. இன்று அவ்வூர் பெல்கரோது மாநிலத்தில் உள்ளது. போகரேவ் என்னும் பண்ணையடிமை 1829இல் சூரியகாந்தி விதையைப் பிழிந்து எண்ணெய் எடுத்த ஊரும் இதுவே. ஒரே வட்டாரத்தில் சூரியகாந்தி உணவு எண்ணெய்க்கும் கொத்தமல்லி நறுமண எண்ணெய்க்கும் உரியனவாகப் பிரிந்து வளர்ந்தன. ஒரு மண்ணில் விளையும் இரு எண்ணெய்ப் பயிர்களுள் எது சாப்பாட்டுக்கு, எது ஆலைக்கு என முடிவாவதற்கு அவற்றின் இயல்பைப் போலவே சந்தையும் காரணமாகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

உருசியாவில் பயிரானது நம் அடுக்களைக் கொத்தமல்லி அன்று. அங்குள்ள வகையின் கனி சிறியது. குறுக்களவு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் நறுமண எண்ணெய் 0.8 முதல் 1.8 விழுக்காடு வரை இருக்கும். பெரிய கனி வகைகளில் அது பொதுவாக 0.1 முதல் 0.35 விழுக்காடே. இந்தியக் கொத்தமல்லி, கனி நீண்டு முட்டை வடிவிலிருப்பதால் தனிச் சிற்றினமாகக் கொள்ளப்படுகின்றது. வாவிலோவின் தலைமையில் இயங்கிய நிறுவனத்தில் 1930ஆம் ஆண்டளவில் ஸ்டோலெடோவா செய்த வகைப்பாடு இதற்கு அடிப்படையாகும். டீடரிக்சன், ஹாம்மர் ஆகியோர் 2003இல் அதனைத் திருத்தி அமைத்தனர்.

நறுமண எண்ணெயில் பெரும்பகுதி லினலூல் என்னும் பொருள். அது மொத்தத்தில் 60 முதல் 80 விழுக்காடு வரை அமையும். லினலூலிலிருந்து சிட்ரால் செய்யலாம். சிட்ராலிலிருந்து அயோனோன் செய்யலாம். அயோனோனைத் தீமன், குரூகர் ஆகிய செருமானிய வேதியியலார் 1893இல் உருவாக்கினர். ஊதாப்பூவின் மணத்தை மலிவாக்கிய இப்பொருள், பின்னர் வைட்டமின் ஏ தயாரிப்பிலும் ஓர் இடைநிலைப் பொருளாயிற்று. ஆகவே சோவியத் ஒன்றியத்தில் கொத்தமல்லி வெறும் வாசனைப் பயிராகக் கருதப்படவில்லை. வேதித் தொழிலின் ஊற்றுகளுள் ஒன்றாகவே அது கொள்ளப்பட்டது. நறுமண எண்ணெய் வடித்தபின் எஞ்சிய கனித்தூளிலிருந்து கொழுப்பு எண்ணெயைக் கரைப்பானால் பிரித்தெடுத்துச் சோப்பு முதலிய தொழில்களுக்கு அனுப்பினர். அதற்குப்பின் எஞ்சியது கால்நடைத் தீவனமாயிற்று. பயிரின் ஒவ்வொரு கூறையும் பயன்கொள்ளும் முறை எனச் சென்ற இருபது ஆண்டுகளாகப் புதியதாகப் பேசப்படுவது, இவ்வாலைகளில் நடைமுறையாகவே இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் இந்நிலை மாறியது. சுவிட்சர்லாந்தின் ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தார் அசிட்டிலீன், அசிட்டோன் ஆகியவற்றிலிருந்து லினலூலைச் செயற்கையாகச் செய்யும் வழியைத் தொழிலளவில் நிறுவினர். அமெரிக்காவில் பைன் மரத் தைலத்திலிருந்து அதனைச் செய்தனர். 1897இல் செருமானிய நிறுவனமொன்று செயற்கை நீலச் சாயத்தைச் சந்தைக்குக் கொணர்ந்தபின் தென்னார்க்காட்டு அவுரிக்கு நேர்ந்ததைத் தமிழ்நாட்டு வரலாறு கற்றோர் அறிவர். கொத்தமல்லி அவுரியைப் போல அழியவில்லை. உண்ணும் பொருளாகவும் இருந்ததே அதற்குக் காப்பாயிற்று. எனினும் திறந்த சந்தையில் லினலூலின் ஊற்று என்னும் தகுதியை அது இழந்தது. சோவியத் ஒன்றியத்தின் மூடிய பொருளாதாரத்தில் மட்டும் 1991 வரை அத்தகுதி ஓரளவு நீடித்தது.

ஆறாம் கரியணு

கொத்தமல்லிக் கனியில் நறுமண எண்ணெய் ஒரு விழுக்காட்டளவு என்றால், கொழுப்பு எண்ணெய் 15 முதல் 25 விழுக்காடு ஆகும். அளவில் மிகுந்த இப்பொருள் நெடுங்காலம் கழிவுக்கு அடுத்த நிலையிலேயே வைத்து நோக்கப்பட்டது. அதன் தனித்தன்மை பெட்ரோசெலினிக் அமிலத்தில் உள்ளது. 1909இல் பார்சிலி விதையிலிருந்து முதலில் பிரிக்கப்பட்டமையால் அதற்கு அச்செடியின் இலத்தீனப் பெயர் வழங்கலாயிற்று. கொத்தமல்லி, சீரகம், காரட்டு முதலியன அடங்கிய குடும்பத்தில் இவ்வமிலம் பரவலாக உள்ளது. கொத்தமல்லி எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கும் அதற்கு மேலும் இதுவே.

இதன் வேதியியலைச் சுருங்கக் கூறுவோம். நல்லெண்ணெயிலும் கடலையெண்ணெயிலும் நிறைந்துள்ள ஒலியிக் அமிலத்தைப் போலவே இதிலும் 18 கரியணுக்கள் உள்ளன. ஒலியிக் அமிலத்தில் இரட்டைப் பிணைப்பு ஒன்பதாம் கரியணுவில் தொடங்குகின்றது. பெட்ரோசெலினிக் அமிலத்தில் ஆறாவதில். அவ்விடத்தில் ஓசோன் கொண்டு வெட்டினால் 12 கரியணுக்கள் கொண்ட லாரிக் அமிலமும், 6 கரியணுக்கள் கொண்ட அடிபிக் அமிலமும் கிடைக்கின்றன. முன்னது சோப்புக்கும் சலவைப் பொருளுக்கும் உரியது. பின்னது நைலான் 66இன் இரு மூலப்பொருள்களுள் ஒன்று. கணக்குப்படி 100 கிலோ பெட்ரோசெலினிக் அமிலம் ஏறத்தாழ 71 கிலோ லாரிக் அமிலத்தையும் 52 கிலோ அடிபிக் அமிலத்தையும் தர வேண்டும். வெட்டும்போது ஆக்சிசன் சேர்வதால் கூட்டுத்தொகை 100ஐ மிஞ்சுகின்றது.

வேளாண் விளைபொருளை ஆலை மூலப்பொருளாக்கும் எண்ணம் அமெரிக்காவில் 1930களில் ஓர் இயக்கமாகவே நடந்தது. பொருளாதார வீழ்ச்சியால் விலைபோகாத விளைச்சலுக்கு வழிதேடிய அவ்வியக்கத்தின் மாநாடு 1935இல் டியர்பார்னில் கூடியது. அதே ஆண்டில்தான் டூபாண்ட் நிறுவனத்தில் கேரதர்ஸ் நைலான் 66ஐ உருவாக்கினார். 1938ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்க வேளாண் துறை நான்கு வட்டார ஆய்வகங்களை நிறுவியது. அவற்றுள் இலினாய் மாநிலப் பியோரியா ஆய்வகம் 1950களின் இறுதியிலிருந்து உலகெங்கும் காட்டு விதைகளைத் திரட்டி, அவற்றின் எண்ணெய்களைச் சோதித்தது. கொத்தமல்லிக் குடும்பத்து எண்ணெய்களைப் பற்றிய அதன் விரிவான ஆய்வு 1982இல் வெளியாயிற்று. 1973இன் எண்ணெய் நெருக்கடி அப்போது இன்னும் நினைவில் இருந்தது.

ஈண்டு ஒரு கிளைச்செய்தி. நைலானுக்குரிய இடைநிலைப் பொருளொன்றை டூபாண்ட் நிறுவனம் 1940களின் இறுதி முதல் 1961 வரை சோளச்சக்கை, ஓட்ஸ் உமி ஆகியவற்றிலிருந்து தயாரித்தது. வயற்கழிவிலிருந்து நைலான் செய்வது கனவு அன்று, நடந்தேறிய தொழில் என்பதற்கு இது சான்று. அதனைக் கைவிட்டதற்குக் காரணம் வேதியியல் தோல்வியன்று. பெட்ரோலிய வழி மலிவானமையே. இன்றும் அடிபிக் அமிலம் பெரும்பாலும் பெட்ரோலியப் பொருளை நைட்ரிக் அமிலத்தால் ஆக்சிசனேற்றி எடுக்கப்படுகின்றது. அப்போது வெளிப்படும் நைட்ரசு ஆக்சைடு, புவியைச் சூடாக்குவதில் கரியமில வளியைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு ஆற்றலுடையது. அதனைப் பிடித்தழிக்கும் கருவிகள் பல ஆலைகளில் உள்ளனவாயினும் எல்லாவற்றிலும் இல்லை.

லாரிக் அமிலமும் தோட்டப்புறமும்

1992இல் ஐரோப்பிய வேளாண் கொள்கை திருத்தப்பட்டபோது, மிகை விளைச்சலைத் தவிர்க்க உழவர் நிலத்தில் ஒரு பகுதியைத் தரிசாக விட வேண்டுமென விதிக்கப்பட்டது. அந்நிலத்தில் உணவல்லாத ஆலைப் பயிர்களை வளர்க்க இசைவு தரப்பட்டது. அடுத்த ஆண்டே செருமனி மீளவளரும் மூலப்பொருள்களுக்கெனத் தனி முகமை ஒன்றை நிறுவியது. கொத்தமல்லிக்கு அங்கு மீண்டும் மதிப்பு ஏற்பட்டதன் பின்னணி இதுவே. அதே 1992இல் கொத்தமல்லியின் மரபணுவொன்றைப் புகையிலையில் புகுத்திப் பெட்ரோசெலினிக் அமிலத்தை உண்டாக்கிய ஆய்வை அமெரிக்க அறிவியலார் வெளியிட்டனர். விளைச்சல் மிகுந்த எண்ணெய்ப் பயிருக்கு அப்பண்பை மாற்றுவது அவர்தம் நோக்கம்.

இவ்வளவு ஆர்வம் ஏன்? மிதவெப்ப நாடுகளில் லாரிக் அமிலம் தரும் பயிர் இல்லை. உலகின் லாரிக் அமிலம் தேங்காயெண்ணெயிலிருந்தும் செம்பனைப் பருப்பெண்ணெயிலிருந்தும் வருகின்றது. இரண்டிலும் அது பாதியை நெருங்கிய அளவில் உள்ளது. பிலிப்பீன்சு, இந்தோனேசியா, மலேசியா ஆகிய நாடுகளைச் சார்ந்திராமல் சோப்புத் தொழிலை நடத்தும் விருப்பமே பல ஆய்வுத் திட்டங்களுக்குப் பின்னால் நின்றது. கால்ஜீன் நிறுவனம் கலிபோர்னியப் புன்னைமர மரபணுவைக் கடுகினக் கனோலாவில் புகுத்தி லாரிக் எண்ணெய் தரும் பயிரை உருவாக்கியது. அது 1990களின் நடுவில் வயலுக்கு வந்தது. வணிகத்தில் அது நிலைக்கவில்லை.

அது நிலைக்காமைக்கும், கொத்தமல்லி முன்னேறாமைக்கும் ஒரே கணக்கு விடை தருகின்றது. ஒரு எக்டரில் ஒன்றரை டன் கொத்தமல்லி விளைந்து, அதில் ஐந்திலொரு பங்கு எண்ணெய் என்று கொண்டால் 300 கிலோ எண்ணெய் கிடைக்கும். அதிலிருந்து வரும் லாரிக் அமிலம் 150 கிலோவைத் தாண்டாது. மலேசியாவில் ஒரு எக்டர்ச் செம்பனை ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றரை டன் பழ எண்ணெயைத் தருவதோடு, துணைப்பொருளாகப் பருப்பெண்ணெயை மட்டும் ஏறத்தாழ 400 கிலோ தருகின்றது. அத்துணைப்பொருளில் உள்ள லாரிக் அமிலமே கொத்தமல்லி வயல் முழுவதும் தருவதைவிட மிகுதி. இக்கணக்கை ஒரு பயிரின் இயற்கையான மேன்மையாக மட்டும் நோக்குவது வரலாற்று நோக்காகாது. பழக்குலையை வெட்டிச் சுமந்து, உதிர்ந்த பழத்தைப் பொறுக்கிய உழைப்பின் கூலியும் அம்மலிவில் அடங்கியுள்ளது.

மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் சிலாங்கூரின் தென்னமராம் தோட்டத்தில் பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியேயால் நடப்பட்டது. அவரே 1930இல் மலாயாவைப் பின்புலமாகக் கொண்ட புதினத்திற்காகப் பிரான்சின் கொன்கூர் பரிசு பெற்றவர். தமிழ்த் தோட்டத் தொழிலாளர் அப்புதினத்தில் இடம்பெறுகின்றனர். 1960களுக்குப் பின் பால்மரங்கள் வெட்டப்பட்டுச் செம்பனை பரவியது. அதனைத் தொடர்ந்து வந்த பத்தாண்டுகளில் தோட்டங்களை விட்டுத் தமிழர் வெளியேறியதும், அவ்விடத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர் அமர்த்தப்பட்டதும் மலேசியத் தமிழ்ப் புனைகதைகள் பலவற்றின் பொருளாகியுள்ளன. நம் மாணவர் அக்கதைகளைப் படிக்கின்றனர். தோட்டத்திற்கு வெளியே, அந்த எண்ணெயின் விலையை முன்வைத்து வேறொரு கண்டத்தில் எந்தப் பயிர் தேர்ந்தெடுக்கப்பட்டது, எது தள்ளப்பட்டது என்பதும் அதே பாடத்தின் பகுதியாக வேண்டும் என்பது நம் கருத்து. இரண்டும் மீளவளரும் பொருள்களே. ஒன்றின் வெற்றி மற்றொன்றை நம்பிய உழவருக்கு இழப்பாகும் என்பதை 'மீளவளர்வது' என்னும் அடைமொழி மறைத்துவிடுகின்றது.

தூலூசு நார்ப்பலகை

2010களில் பிரான்சின் தூலூசு நகர வேளாண் தொழில் வேதியியல் ஆய்வகம் இச்சிக்கலை வேறு வகையில் அணுகியது. எண்ணெயின் அளவில் செம்பனையோடு போட்டியிட முடியாது என்பதால், செடியின் எல்லாக் கூறுகளுக்கும் விலை தேடினர். கனியை ஒற்றைத் திருகுச் செக்கிலும் இரட்டைத் திருகுப் பொறியிலும் பிழிந்து எண்ணெயைக் கரைப்பானின்றி எடுத்தனர். பிண்ணாக்கில் எஞ்சிய புரதம் வெப்பத்திலும் அழுத்தத்திலும் பசைபோல் இளகுவதைப் பயன்கொண்டு, அதனோடு காய்ந்த தண்டின் நாரைச் சேர்த்துச் சூட்டில் அழுத்திப் பலகையாக்கினர். வெளியிலிருந்து செயற்கைப் பசை எதுவும் சேர்க்கப்படவில்லை. இது சிறு செய்தியன்று. வழக்கமான நார்ப்பலகைகளை ஒட்டும் யூரியாப் பசையிலிருந்து பார்மால்டிகைடு கசிகின்றது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அப்பொருளை 2004இல் மாந்தரில் புற்றுநோய் உண்டாக்குவன என்னும் வகையில் சேர்த்தது. பால் வற்றிய ரப்பர் மரங்களை நார்ப்பலகையாக்கும் தொழில் மலேசியாவில் பெரிது. ஆதலின் பிண்ணாக்குப் பசை நமக்கும் தொலைவான செய்தியன்று. எனினும் தூலூசுப் பலகை ஆய்வகத்தில் செய்து காட்டியதே. ஈரத்தில் ஊதும் இயல்பு இத்தகைய பலகைகளுக்கு உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இதற்கிடையே 2010இல் பியோரியா ஆய்வகத்தார் கொத்தமல்லி எண்ணெயிலிருந்து உயிரிடீசல் செய்து, அது காற்றில் எளிதில் கெடாமலிருப்பதைக் காட்டினர். 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் கொத்தமல்லிக் கனியின் கொழுப்பு எண்ணெயைத் துணையுணவாக விற்க இசைவளித்து, நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் என வரம்பிட்டது. அச்சட்டத்தின்படி அது 'புதிய உணவு'. வறுத்துப் பொடித்த மல்லியைச் சாம்பாரில் இட்டு உண்பவர் எவரும் அவ்வெண்ணெயை நாள்தோறும் உண்டே வருகின்றனர். ஆயின் பிரித்தெடுத்த எண்ணெயைத் தனியே உண்ட வழக்கம் இல்லாமையால் சட்டம் அதனை அவ்வாறு வகைப்படுத்தியது.

கரிசலின் மல்லி

இவ்வரலாற்றில் இந்தியா ஏன் இல்லை? உலகில் மிகுதியாகக் கொத்தமல்லி விளைவிக்கும் நாடு அது. இராசத்தான், மத்தியப் பிரதேசம், குசராத்து ஆகியன முதன்மையானவை. தமிழ்நாட்டில் விருதுநகர், தூத்துக்குடி மாவட்டக் கரிசல் நிலத்தில் வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாக மல்லி விதைக்கப்படுகின்றது. கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ வரிசை வகைகள் இலைக்கும் கனிக்குமெனத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. விதை நறுமணப் பயிர்களுக்கான தேசிய ஆய்வு மையம் அஜ்மீரில் 2000ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அடுக்களைச் சந்தை இவ்வளவு பெரிதாக இருக்கும் நாட்டில், கனியைப் பொடியாக விற்றால் கிடைக்கும் விலை, அதனைப் பிழிந்து ஆலைக்கு அனுப்பினால் கிடைப்பதைவிட எப்போதும் மிகுதி. ஆகவே எண்ணெய்ப் பயிராக அதனை நோக்கும் தேவை எழவில்லை. கதிரடித்தபின் களத்தில் எஞ்சும் தண்டோ இந்தக் கணக்கில் எவ்விடத்தும் சேர்வதில்லை. கனியை அடுக்களைக்கு விற்றுக்கொண்டே தண்டுக்கும், அரவை ஆலையில் கழியும் உமி, தூசிக்கும் பயன் தேட முடியுமா என்பதுதான் கரிசல் உழவரின் நிலையிலிருந்து கேட்கத்தக்க வினா. தூலூசில் கேட்கப்பட்டது அவ்வினா அன்று. அங்கே கனியையே பிழிய வேண்டியிருந்தது.

உருசியாவில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. 1991க்குப் பின் நறுமண எண்ணெய் ஆலைகளின் நிலை தளர்ந்தது, வயல்கள் இருந்தன. நூறாண்டுகளாக வடிப்பதற்கெனத் தேர்ந்து வளர்க்கப்பட்ட அச்சிறுகனி மல்லி அண்மை ஆண்டுகளில் முழுக்கனியாகவே கப்பலேறுகின்றது. அதனை வாங்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. இந்திய மல்லிக்கு விலை உயரும் ஆண்டுகளில் அது கலவைப் பொடிகளில் சேர்ந்து அடுக்களைக்கு வருகின்றது.